ஆட்டோமேட்டிக் பிக்கப்: 60–70 வேகத்தில் உதறல், காலையில் ரிவர்ஸ் பிடிக்கத் தாமதம். கியர் பாக்ஸையே மாற்ற வேண்டுமா?

களக்காட்டுத் தோட்டம் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இரட்டைக் கேபின் டீசல் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இழுவை. 80 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் 'அந்தக் கம்பெனியா, இந்தக் கம்பெனியா' என்று இழை திசைமாறிவிடும்.

முதல் தொல்லை: நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் 60-க்கும் 70-க்கும் நடுவே, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி போனால் வண்டி முழுவதும் கர்ரென்று உதறுகிறது. சாலையோரத்தில் தூங்கும் டிரைவரை எழுப்பப் போட்டிருக்கும் கோடுகள்மேல் சக்கரம் ஏறினாற்போல. சில நொடிகளில் நின்றுவிடும், மறுபடி வரும். அழுத்தி மிதித்தால் உதறல் இல்லை.

அடுத்தது: இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுத்து ரிவர்ஸில் போட்டால் உடனே பிடிப்பதில்லை. சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு, பிறகு 'டொக்' என்று இடித்துக்கொண்டு பின்னால் வருகிறது. எஞ்சின் சூடான பிறகு இது குறைகிறது.

திருநெல்வேலியில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். ஸ்கேனர் போட்டார்கள், பி0741 என்று ஒரு கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. கியர் பாக்ஸ் அசெம்பிளி மொத்தமாக மாற்ற வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகைக்குச் சுமாராக ஓடுகிற பழைய கார் ஒன்றே கிடைக்கும். ஆயிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாற்றுவதற்கு முன் வேறு என்னவெல்லாம் பார்க்கலாம்?

திசையன்விளைக்காரன் | ஞாயிறு, இரவு 9.15

தோட்டத்து வண்டிக்கு ஆட்டோமேட்டிக் எதற்கு அண்ணாச்சி? என்னுடைய பிக்கப் மேனுவல்தான். கிளட்ச் தட்டு தேய்ந்தால் காலையில் உள்ளூர்ப் பட்டறையில் விட்டு, மாலையில் எடுத்துவிடுவேன். பேட்டரி படுத்துவிட்டால் நாலு பேர் தள்ளினால் போதும். உங்கள் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. யாராவது கேட்டால் விற்றுவிடுங்கள்.

வள்ளியூர் டிரைவர் | ஞாயிறு, இரவு 10.02

விற்றுவிடு என்பதை விட்டால் திசையன்விளைக்கு வேறு யோசனையே வராது. தம்பி, நான் வளைகுடாவில் பல வருடம் ஆட்டோமேட்டிக் பிக்கப்தான் ஓட்டினேன். அந்த வெயிலிலும் மணலிலும் கியர் பாக்ஸ் திறக்காமலே லட்சக்கணக்கில் ஓடிய வண்டிகள் உண்டு. ஆயில் நேரத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

களக்காட்டு அண்ணாச்சி, முதலில் பேட்டரியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். வோல்டேஜ் இறங்கினால் கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் குழம்பிப்போய்த் தாறுமாறாகக் கியர் மாற்றும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். எர்த் கம்பி இறுக்கமாக, பச்சை பூக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டைப் பட்டறை | திங்கள், காலை 6.50

பேட்டரி பார்ப்பது நல்லதுதான், ஐந்து நிமிட வேலை. ஆனால் அண்ணாச்சி சொல்லும் உதறல் பேட்டரிக் கோளாறு மாதிரி இல்லை.

இந்த உதறலுக்கு மூன்று இடங்களைச் சந்தேகப்படலாம். ஒன்று, டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச். இரண்டு, எஞ்சினே மிஸ் அடிப்பது. இன்ஜெக்டர் கோளாறு அப்படித்தான் காட்டும். மூன்று, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் மூட்டான கிராஸ் தேய்ந்திருந்தாலோ, நடு பேரிங் ரப்பர் கிழிந்திருந்தாலோ கியர் பாக்ஸ் போய்விட்டதுபோலவே நடிக்கும். கியர் பாக்ஸைக் கழற்றி இறக்கிய பிறகு கிராஸ்தான் கோளாறு என்று கண்டுபிடித்த வண்டி என் பட்டறைக்கே வந்திருக்கிறது. கழற்றியது நான் இல்லை, மாட்டியது நான்.

இந்த மூன்றையும் பிரிக்க ஓட்டியே பார்க்கலாம். காலி சாலையில் உதறல் வரும் வேகத்துக்கு வாருங்கள். உதறத் தொடங்கியதும் வலது காலை ஆக்சிலேட்டரில் அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை மிக லேசாகத் தொடுங்கள். பின்விளக்கு எரிந்தால் போதும், வண்டி நிற்கக் கூடாது. பிரேக் சுவிட்ச் தட்டியதும் லாக்-அப் விட்டுவிடும், ஆர்.பி.எம். முள் கொஞ்சம் மேலே போகும். அந்த நொடியில் உதறலும் நின்றால் சந்தேகம் கன்வெர்ட்டர் பக்கம். நிற்காமல் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் ஷாஃப்ட், டயர் பக்கம் பார்க்கலாம். பின்னால் வண்டி வந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

ரிவர்ஸ் தாமதத்துக்கும் அளவு இருக்கிறது. சூடான வண்டி, சமதரை, ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டும் போட்டு நியூட்ரலிலிருந்து டி-க்கு (முன்னோக்கி ஓட்டும் நிலை) மாற்றினால் பிடிக்கும் உதைப்பு 1.2 நொடிக்குள் தெரிய வேண்டும், ஆர்-க்கு (ரிவர்ஸ்) 1.5 நொடிக்குள். சர்வீஸ் கையேடுகளில் வழக்கமாகக் காணும் கணக்கு இது. செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் நொடி துல்லியமாகத் தெரியும்.

அம்பைப் பெண் | திங்கள், மதியம் 1.20

ஊர் அம்பாசமுத்திரம், வேலை ஒரகடத்தில், கியர் பாக்ஸ் சோதனைப் பிரிவு. பேட்டை அண்ணாச்சி சொன்ன சோதனையைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். டார்க் கன்வெர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயிலால் விசை கடத்தும் பாகம். ஒரு பக்கம் சுழலும் இறக்கைகள் ஆயிலை வீசும், எதிர்ப் பக்க இறக்கைகள் அதை வாங்கிச் சுழலும். ஆயில்தான் நடுவில் என்பதால் கொஞ்சம் வழுக்கல் எப்போதும் உண்டு. அந்த வழுக்கல் முழுவதும் வெப்பமாகிறது. அதனால் சீரான வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதுதான் லாக்-அப். பி0741 என்றால், 'பிடி என்று கட்டளை போனது, ஆனால் எதிர்பார்த்த அளவு பிடிக்கவில்லை' என்பது மட்டுமே பொருள். ஆயில் கெட்டிருக்கலாம், கட்டளையை நிறைவேற்றும் சோலினாய்டு என்ற மின் வால்வு அடைத்திருக்கலாம், ஆயிலைப் பங்கிட்டு அனுப்பும் வால்வ் பாடியில் துளை தேய்ந்திருக்கலாம், கிளட்சின் உராய்வுத் தாளே போயிருக்கலாம். கோடு எந்தக் கதவு என்று காட்டும்; உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்லாது. அதை வைத்து மட்டும் அசெம்பிளியை மாற்றச் சொல்வது சோம்பேறித்தனம்.

ஆயில் மாதிரி ஒன்று எடுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, நிறமும் மணமும் எப்படி என்று எழுதுங்கள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கருகல் மணம் இருக்கிறதா என்பது முக்கியம்.

திசையன்விளைக்காரன் | திங்கள், மதியம் 2.05

இவ்வளவு சங்கதி ஒரு டப்பாவுக்குள் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். புதிதாக வந்த சாமான், நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமில்லை.

அம்பைப் பெண் | திங்கள், மதியம் 2.30

புதிது இல்லை அண்ணன். ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரிலேயே போட்டு விற்றது. நம் பக்கத்துக்கு வந்து சேரத்தான் நாளாயிற்று.

களக்காட்டுத் தோட்டம் | செவ்வாய், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. சோதித்ததை எழுதுகிறேன்.

பேட்டரி ஓடும்போது 14.1 வோல்ட், குறை இல்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குழியில் நிறுத்தி ஆட்டிப் பார்த்தோம்; கிராஸ் இரண்டும் இறுக்கம், நடு பேரிங்கும் சரி. பிரேக் சோதனையை ஏர்வாடி தாண்டி ஆளில்லாத இடத்தில் செய்தேன். பிரேக்கைத் தொட்டதும் உதறல் பட்டென்று நின்றது. காலை எடுத்ததும் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அப்படியே.

ரிவர்ஸ் பிடிக்க, சூடான வண்டியிலேயே இரண்டு நொடிக்கு மேல். காலையில் அதற்கும் அதிகம்.

ஆயிலுக்கு வருகிறேன். இந்த வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கிடையாது. உள்ளூர் மெக்கானிக்கை வைத்து டிரெயின் பிளக்கைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தோம். சிவப்பாகவோ கறுப்பாகவோ வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தது இரண்டும் இல்லை. ரோஸ் மில்க் நிறத்தில், உள்ளே வெளிச்சம் போகாமல் கலங்கலாக. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் பிளக்கை மாட்டிவிட்டார். இது என்ன?

பேட்டைப் பட்டறை | செவ்வாய், இரவு 9.48

தண்ணீர். வண்டியை இனி ஓட்டாதீர்கள், நிறுத்திவிடுங்கள்.

உறுதிப்படுத்த வேண்டுமானால் பழைய தகரம் ஒன்றை நன்றாகச் சூடாக்கி, தள்ளி நின்று, அதில் இரண்டு சொட்டு விடுங்கள். சுத்தமான ஆயில் என்றால் புகையும். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளித்ததுபோல வெடித்துத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தோசைக்கல்லை எடுத்தால் வீட்டில் உங்களுக்கு நேர்வதற்கு நான் பொறுப்பில்லை.

வள்ளியூர் டிரைவர் | செவ்வாய், இரவு 10.10

ரேடியேட்டர்தான். வளைகுடாவில் நான் பார்த்திருக்கிறேன். கியர் பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பல வண்டிகளில் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள்ளேயே ஓடும். அது உள்ளே ஓட்டை விட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலோடு கலந்துவிடும். ரேடியேட்டரை மாற்றி, ஆயிலை மெஷின் வைத்துச் சுத்தமாக அலசிவிடுங்கள். வண்டி ஓடும்.

வைகுண்டத்தான் | புதன், காலை 7.15

இழையை நேற்றிலிருந்து படித்துவருகிறேன். அண்ணாச்சி, இந்த வண்டி இதற்கு முன் எந்த ஊரில் ஓடியது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கே நின்றது?

நான் ஸ்ரீவைகுண்டம். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் ஓடியது. திருநெல்வேலி சந்திப்புப் பக்கமும் தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தோம். மூழ்கிய வண்டிகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்றுதான் யாரும் கேட்பதில்லை. பல வண்டிகள் கழுவி, பாலிஷ் போட்டு, இரண்டு கைமாறிச் சந்தைக்கு வந்துவிட்டன. எங்கள் உறவினர் ஒருவரின் கார் கியர் பாக்ஸிலும் இதே நிற ஆயில்தான் வந்தது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத பகுதியில் மண் கறை இருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

வள்ளியூர் டிரைவர் | புதன், காலை 7.40

வெள்ளம் கியர் பாக்ஸுக்குள் எப்படிப் போகும்? அது மூடிய பெட்டி.

பேட்டைப் பட்டறை | புதன், காலை 8.00

மூடிய பெட்டிதான், ஆனால் அதற்கும் மூச்சுக் குழாய் உண்டு. கியர் பாக்ஸ், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் அச்சின் ஹவுசிங் எல்லாவற்றுக்கும் பிரீதர் என்ற அந்த மூச்சுக் குழாய் இருக்கும். ஓடிச் சூடான வண்டி குளிர்ந்த தண்ணீரில் நின்றால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். அந்த நேரத்தில் பிரீதர் முனை தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும். மூழ்கியே கிடந்தால் சொல்லவே வேண்டாம்.

ரேடியேட்டரா வெள்ளமா என்று வாதம் செய்ய வேண்டியதில்லை, கேட்டால் வண்டியே சொல்லும். பின் ஹவுசிங்கின் பிளக்கைத் திறந்து, அதற்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் ஆயிலைப் பாருங்கள். கிரவுனுக்கும் ரேடியேட்டருக்கும் எந்தக் குழாய்த் தொடர்பும் இல்லை. கிரவுன் ஆயிலும் பால்போல வந்தால் கூலன்ட்மேல் பழி போட முடியாது.

அம்பைப் பெண் | புதன், காலை 8.25

மிகச் சரியான சோதனை அண்ணாச்சி. இதோடு கூலன்ட் தொட்டியையும் பார்க்கட்டும். உட்புறக் கூலர் ஓட்டையாக இருந்தால் கலப்பு பெரும்பாலும் இரு பக்கமும் நடக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும், சூடான கூலன்ட்டின் அழுத்தம் மட்டும் நிற்கும், அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் வரும். தொட்டியில் எண்ணெய்ப் படலம் இல்லை, கூலன்ட் அளவும் குறையவில்லை என்றால் ரேடியேட்டர் மீதான சந்தேகம் பெரிதும் விலகும்.

களக்காட்டுத் தோட்டம் | வியாழன், இரவு 8.15

தகரத்தில் விட்டோம், படபடவென்று வெடித்தது.

கூலன்ட் தொட்டி சுத்தம், அளவும் அப்படியே. கிரவுன் ஆயில் பிளக்கைத் திறந்ததும் முதலில் தெளிந்த தண்ணீரே ஒரு கை அளவு வந்தது. அதன் பின்னால் பழுப்பும் வெள்ளையுமாகக் கட்டியாய், மோரில் மஞ்சள் பொடி கரைத்த நிறத்தில் ஆயில். கியர் பாக்ஸ் பிரீதர் குழாயைக் கழற்றித் தட்டினால் உள்ளிருந்து வண்டல் பொடி கொட்டியது. ஆற்று வண்டலின் மினுமினுப்பு எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா?

வைகுண்டத்து அண்ணன் சொன்ன சீட் பெல்ட்: டிரைவர் பக்கப் பெல்ட் புதிது, மாற்றியிருக்கிறார்கள். பின்சீட்டின் நடுப் பெல்ட்டை மாற்ற மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கடைசி ஒரு சாண் தூரம் காவி நிறக் கறை, நேர்கோடு போட்டாற்போல.

விற்றவரைக் கேட்டேன். 'நான் வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது' என்கிறார். அவருக்கு முன் இருந்தவர் யார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி இதுதான். ஆயிலை நன்றாக அலசி மாற்றினால் போதுமா? வண்டியைப் பேட்டைக்கு எப்படிக் கொண்டுவருவது? மாப்பிள்ளையின் டிராக்டரில் கட்டி இழுத்து வரலாமா?

பேட்டைப் பட்டறை | வியாழன், இரவு 8.40

இழுக்கக் கூடாது! எஞ்சின் ஓடாவிட்டால் கியர் பாக்ஸின் ஆயில் பம்ப் ஓடாது. சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் சுற்றிக் கருகும். உங்களுடையது நான்கு சக்கர இழுவை. முன்னால் மட்டும் தூக்கி வருவதும் ஆபத்து. நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரியில் ஏற்றி வாருங்கள். களக்காட்டிலிருந்து பேட்டைக்கு அந்தக் கூலி ஒன்றும் பெரிதில்லை.

வள்ளியூர் டிரைவர் | வியாழன், இரவு 9.05

வெள்ளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆயிலை மூன்று முறை மாற்றி ஓட்டிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? கடையில் உதறலுக்கென்றே ஒரு மருந்து டப்பாவும் விற்கிறார்கள்.

அம்பைப் பெண் | வியாழன், இரவு 10.00

கணக்கு போட்டுப் பார்ப்போம் அண்ணன். இந்த வகைக் கியர் பாக்ஸில் மொத்த ஆயில் சுமார் 9 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைத் திறந்தால் வருவது மூன்றரை லிட்டரை ஒட்டி. மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒரு முறைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று தாராளமாகவே எடுத்தாலும், மூன்று முறைக்குப் பிறகு பழைய ஆயில் 22 சதவீதம் உள்ளேயே இருக்கும். சாதாரணமாகப் பழசான ஆயிலுக்கு இந்த முறை நல்லது, நானும் அதைத்தான் சொல்வேன். தண்ணீர் விவகாரம் வேறு.

உள்ளே கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற நார்ப் பொருள். அது ஆயிலைவிடத் தண்ணீரை விரும்பி உறிஞ்சும். தண்ணீர் அதன் வழியாகக் கீழே உள்ள இரும்பைத் தொட்டுத் துருப்பிடிக்க வைக்கும், பசை விட்டுப்போகும், நார் பெயர்ந்து வரும். இது நடந்த பிறகு எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் பெயர்ந்தது ஒட்டாது. மருந்து டப்பா உராய்வின் தன்மையைக் கொஞ்ச காலத்துக்கு மாற்றி உதறலை மறைக்கலாம். விற்பவருக்கு அது பயன்படும், வைத்துக்கொள்பவருக்கு அல்ல. இந்த வண்டிக்கும் யாராவது அதைத்தான் ஊற்றியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

முடிவெடுக்கும் முன் கியர் பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பானைக் கழற்றுங்கள். உள்ளே காந்தங்கள் இருக்கும். அவற்றில் மைபோல வழவழப்பான சாம்பல் நிறப் படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக இரும்புத் துணுக்கோ, கறுப்பு நார்த் துண்டுகளோ, துருவோ இருந்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

வைகுண்டத்தான் | வெள்ளி, காலை 6.30

களக்காட்டு அண்ணாச்சி, விற்றவரோடு வாய்ச்சண்டை வேண்டாம். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு போட்ட பாலிசியில், கிளெய்ம் வாங்காதவருக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் சுழியமாக விழுந்திருந்தால், அதற்கு முந்தைய ஆண்டில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பெயர் மாறினாலும் போனஸ் போகும், அதனால் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பெல்ட், பிரீதர், ஆயில் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துவிட்டுத்தான் வண்டியைப் பிரிக்கவிட வேண்டும். பிரித்த பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் கையில் ஒன்றும் இருக்காது.

பேட்டைப் பட்டறை | மறு செவ்வாய், இரவு 9.00

வண்டி வந்து சேர்ந்தது. அண்ணாச்சி அனுமதியோடு எழுதுகிறேன்.

பானைக் கழற்றினோம். காந்தம் நான்கும் துருப் பசையில் மூழ்கிக் கிடந்தன. ஃபில்டர் வலையில் கறுப்பு நார், தேங்காய்ச் சவுரியைப் பொடியாக வெட்டித் தூவினாற்போல. பெட்டியை இறக்கிப் பிரித்ததில் இரண்டு கிளட்ச் கட்டுகளில் தாள் ஓரத்திலிருந்து உரிந்திருந்தது. ஒரு தட்டை விரல் நகத்தால் நெருடினால் தோல்போல வந்தது. ரிவர்ஸுக்கு வேலை செய்யும் கட்டு அதில் ஒன்று, காலைத் தாமதத்துக்குக் காரணம் அதுதான். ரப்பர் சீல்களும் விறைத்துவிட்டன. நல்ல செய்தி: கிரகப் பல்சக்கரங்கள், பம்ப், கேசிங் எல்லாம் சுத்தம். வால்வ் பாடியில் துரு இல்லை, கறை மட்டும். பிரித்துக் கழுவிச் சோலினாய்டுகளைத் தனித்தனியாகச் சோதித்தோம். அசெம்பிளி மாற்ற வேண்டியதே இல்லை.

கன்வெர்ட்டரைத் தனியாகப் பேச வேண்டும். அது வெல்டிங் போட்டு மூடிய உருண்டை. வெளியிலிருந்து அலசி உள்ளே சுத்தமாக்க முடியாது. லேத்தில் வெட்டித் திறந்து, லாக்-அப் தாள் புதிதாக ஒட்டி, மறுபடி வெல்டிங் வைத்து, பேலன்ஸ் பார்த்துத் தரும் ஆட்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். பார்சலில் அனுப்பி வரவழைக்கிறோம். பேலன்ஸ் பார்க்காமல் மாட்டச் சொல்லி அவசரப்படுத்தும் வண்டிக்காரர்களை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

கூலரையும் குழாய்களையும் விட்டுவிடக் கூடாது. புதுத் தட்டு போட்டுப் பழைய கூலரை அப்படியே மாட்டினால், அதில் தங்கிய நாரும் துருவும் முதல் நாளே புதுப் பெட்டிக்குள் வந்துவிடும். கூலரைப் புதிதாகவே போடுகிறோம்.

வள்ளியூர் டிரைவர் | மறு செவ்வாய், இரவு 9.35

அண்ணாச்சி, ஆயில் எது ஊற்றப்போகிறீர்கள்? பழைய டெக்ஸ்ரான் 3 எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு.

பேட்டைப் பட்டறை | மறு செவ்வாய், இரவு 9.50

கையேட்டில் எழுதியிருப்பதைத்தான். டெக்ஸ்ரான் 3 தடிமனானது. 100 டிகிரி சூட்டில் அதன் பாகுநிலை 7-ஐ ஒட்டி இருக்கும். இந்தக் காலத்து ஆறு கியர் பெட்டிகளுக்கு வரும் ஆயில் 6-ஐ ஒட்டி, சிலது அதற்கும் கீழே. வால்வ் பாடியின் நுண்துளைகள் அந்த மெல்லிய ஆயிலுக்கு அளந்து வைத்தவை. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் இல்லை.

அளவு பார்ப்பதிலும் நம் ஆட்கள் தவறுகிறார்கள். டிப் ஸ்டிக் இல்லாத பெட்டியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடு கையேடு சொல்லும் எல்லைக்குள் இருக்கும்போது, பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிக்குள், ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்து, மெல்லிய கம்பிபோலச் சொட்டி நிற்கும் இடம்தான் சரியான அளவு. ஸ்கேனரில் சூட்டைப் பார்க்காமல் இதைச் செய்ய முடியாது. கொதிக்கும் வண்டியில் பார்த்தால் ஆயில் விரிந்து வழிந்துபோய், குறைவாகவே நிற்கும்.

களக்காட்டுத் தோட்டம் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை

வண்டி வந்துவிட்டது. கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங் எல்லாவற்றிலும் ஆயில் மாற்றியாயிற்று. டிரான்ஸ்ஃபர் கேஸிலும் தண்ணீர் இருந்தது. பின் ஹவுசிங் பேரிங் ஒன்று துருவில் கீறல் விழுந்திருந்ததால் மாற்றினார்கள். ஸ்கேனர் வைத்துக் கியர் பாக்ஸின் பழைய பழக்கத்தை அழித்துப் புதிதாகக் கற்க வைத்தார்கள். முதல் சில நாட்கள் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது சின்ன இடி இருந்தது, இப்போது இல்லை. நாங்குநேரிச் சாலையில் அதே வேகத்தில் அதே மிதியில் போனேன், உதறல் இல்லை. ரிவர்ஸ் ஒரு நொடிக்குள் பிடிக்கிறது. செலவு, அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியது. விற்றவர் பாதியை ஏற்றுக்கொள்வதாகப் பேச்சு. எழுதி வாங்கும்வரை நான் நம்பவில்லை.

செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் வேலை இருக்கிறது. மலை ஏற்ற இறக்கத்தில் டி-யிலேயே விடலாமா?

அம்பைப் பெண் | ஞாயிறு, காலை 11.10

ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் மாறி மாறித் தடுமாறினால் கைமுறைக்கு மாற்றி, மூன்றிலோ இரண்டிலோ பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஊர்ந்து ஏறும்போது லாக்-அப் பிடிக்காது. அப்போதுதான் ஆயில் சூடேறும். 120 டிகிரிக்கு மேல் நெடுநேரம் போனால் ஆயில் சீக்கிரம் கெடும். சூட்டு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் ஓடவிடுங்கள். அணைத்தால் கூலருக்கு ஆயில் போகாது.

இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. சிறிய கியரில் எஞ்சின் பிடியோடு இறங்குங்கள். சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் நியூட்ரல், பிறகு ஹேண்ட் பிரேக், பிரேக்கை விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு பி (பார்க்கிங்). நேராக பி போட்டால் வண்டியின் எடை முழுவதும் உள்ளே இருக்கும் ஒரு சிறிய கொக்கியில் தொங்கும்.

முக்கூடல் | ஞாயிறு, மதியம் 12.40

நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மேனுவல் பிக்கப். அந்த வெள்ளத்தில் ஆற்றங்கரையில் சக்கரம் மூழ்கும் அளவுக்கு நின்றது. எஞ்சின் ஆயில் மட்டும் அப்போது மாற்றினேன். இப்போது வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பின்னால் மட்டும் 40 வேகத்துக்கு மேல் ஊளைச் சத்தம். இதைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது.

பேட்டைப் பட்டறை | ஞாயிறு, மதியம் 1.05

மேனுவல் என்றாலும் கிரவுனுக்குப் பிரீதர் உண்டு தம்பி. இன்றே பிளக்கைத் திறந்து பாருங்கள். முதலில் மேலே இருக்கும் ஊற்றும் பிளக்கைத் தளர்த்திவிட்டு, அது கழன்று வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கீழ்ப் பிளக். கீழே திறந்து எல்லாம் வழிந்த பிறகு மேலே துருப்பிடித்துச் சுற்ற மறுத்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். ஆயில் பால்போல வந்தால் படம் போடுங்கள். ஊளை ஆக்சிலேட்டரை விட்டதும் மாறுகிறதா, மாறாமல் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். மாறினால் கிரவுன் பல், மாறாவிட்டால் வீல் பேரிங்கிலிருந்து தொடங்கலாம்.